வெள்ளைச் சாம்பல்

தன் வீட்டு கேட்டைத் தானே ஒளிந்து உட்கார்ந்து பார்க்கிற கதி அறுபது வயசில் தனக்கு வரும் என்று சற்குணம் கனவில்கூட நினைத்ததில்லை. நாலு மணிக்கு வழக்கம்போலக் குடையும் மப்ளருமாகக் கிளம்பி, "கிளப்புக்குப் போய்ட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்ல, "சரி, அஞ்சரைக்குத்தானே?" என்று சமையல்கட்டிலிருந்து ஹெப்சியின் குரல் வந்தது. அதைத்தான் கவனிக்க வேண்டும். எதற்கு இந்த அஞ்சரைக்குத்தானே? கட்டின புருஷன் எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று முப்பத்துநாலு வருஷத்தில் தெரியாமலா போயிற்று, தினமும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள? முன்பெல்லாம் இப்படிக் கேட்டாளா? கேட்டாள் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. கேட்டைச் சாத்தி, கிளப்புக்குப் போகிற வலது பக்கம் இருபது அடி நடந்து, அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் வந்ததும் ரோட்டைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்கு எதிரே கொஞ்சம் மேட்டில் இருக்கிற பஸ் நிழற்குடைக்குள் புகுந்து, தூணுக்குப் பின்னால் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. குன்னூர் சிமெண்ட் பெஞ்சு சும்மாவா, உட்கார்ந்த மாத்திரத்தில் குளிர் எலும்பு வரைக்கும் போயிற்று. எதிரே கேட். பச்சைப் பெயிண்ட் அடித்த, கீல் சத்தம் போடுகிற, அவரே எண்ணெய் விட வேண்டும் விட வேண்டும் என்று விடாமலே வைத்திருந்த கேட். நல்லவேளை விடவில்லை. எவன் திறந்தாலும் கிறீச்சென்று இங்கே கேட்கும். எவன்? அந்த எவன் யாரென்று தெரிந்துகொள்ளத்தானே இந்த உட்காரல்.

கையில் பைப் அதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பற்ற வைத்து மூன்று நிமிஷம் இருக்குமா, கிண்ணத்தைச் சுற்றிப் பிடித்த விரல்களில் சூடு சுட்டெடுக்கிறது, நாக்கு நுனியில் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி எரிச்சல். சனியன். முப்பது வருஷமாக இதே பாடு. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, சூடில்லாமல், குளிர்ந்த புகை, அடி வரைக்கும் நிதானமாக எரிந்து முடிகிற ஒரு பைப் அவர் குடித்ததுண்டா? இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. இறுக்கி அடைத்தால் இழுக்க வரவில்லை, தளர்த்தி அடைத்தால் வைக்கோல்போர் மாதிரி பற்றிக்கொள்கிறது. கிண்ணத்தின் அடியில் அரிசிப்பொரி மாதிரி சின்னக் கல்லைப் போட்டால் சூடு குறையும் என்று ஒருத்தன் சொன்னான், போட்டார், கல்லும் சேர்ந்து சுட்டது. தண்டு நீளமான பைப் வாங்கினார், நாக்கு எரிய ஒரு நிமிஷம் கூடுதலாயிற்று, அவ்வளவுதான். எப்படிக் குடித்தாலும் கடைசியில் கிண்ணத்தின் அடியில் கன்னங்கரேலென்று ஈரமாக ஒரு கட்டி, தோண்டி எடுக்கும்போது நாற்றம். தன் பைப்பைத் தட்டினால் இதுவரை ஒருதடவைகூட சாம்பல் விழுந்ததில்லை, சேறுதான் விழுந்திருக்கிறது. அதனால்தான், மூன்று வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அந்த வெள்ளைச் சாம்பலைப் பார்த்ததும் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

துரையின் பைப் அது. தேயிலை எஸ்டேட் மானேஜர் ஹார்டி துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறுகிற வாரம், ஃபாக்டரிக்கு வந்து, தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கராக அப்போதுதான் உயர்ந்திருந்த சற்குணத்தின் கையில் தன் பைப்பையே கொடுத்துவிட்டுப் போனார். முதன்முதலில் ஊதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "அணைஞ்சா மறுபடி பத்த வை சற்குணம், அணையுதேன்னு இழுத்துக்கிட்டே இருக்காதே" என்று கொச்சைத் தமிழில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். குடித்து முடித்த பைப்பைத் தட்டிக் காட்டுவார், உள்ளங்கையில் கோலப்பொடி மாதிரி வெள்ளையாக உதிரும், பார், இப்படி விழணும் என்பார். சற்குணத்துக்கு விழவே இல்லை. அந்தப் பைப் மற்றதையெல்லாம் விட அதிகமாகச் சுட்டது, பெரிய மனுஷன் பைப் என்னைப் பார்த்துக் கேலி பண்ணுகிறது என்று கோபம் வந்து, இருபது வருஷத்துக்கு முன் அதைக் கண்ணாடி அலமாரியில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் மகளின் பள்ளிக்கூடப் போட்டோவுக்கும் நடுவில் வைத்துப் பூட்டிவிட்டு, இந்தக் கறுப்புப் பைப்பையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறார். அன்றைக்குப் பைப் குத்தக் கம்பி தேடிப் போனவர், அலமாரி பூட்டாமல் கிடக்க, தற்செயலாகத் துரையின் பைப்பை எடுத்துத் திருப்பினார். அடியில், துடைத்தெடுக்காமல் விட்டுப்போன ஒரு சிட்டிகை. வெள்ளை. உலர்ந்த, மாவு மாதிரியான வெள்ளை. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கருகல்கூட இல்லை. வாயில் வைக்கிற முனையில் பல் பதியவில்லை. இவர் பைப் முனையெல்லாம் நாய் கடித்த எலும்பு மாதிரி இருக்கும். யாரோ குடித்திருக்கிறான். தன் வீட்டில், தன் புகையிலையை, துரையின் பைப்பில், தன்னால் முப்பது வருஷம் முடியாத நிதானத்தோடு ஒருத்தன் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அலமாரிச் சாவி ஹெப்சியிடம்தான் இருக்கிறது.

அந்த நிமிஷமே கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கல்யாணமான மூன்றாம் வருஷம் அது. ஹெப்சி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு கார்டு வந்தது, பாளையங்கோட்டையிலிருந்து. பழைய நாட்களின் நினைவோடு, டேவிட் என்று கையெழுத்து. எவன் இந்த டேவிட், என்ன பழைய நாள், என்ன நினைவு? சற்குணம் அந்தக் கார்டை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசினார். என்ன பேசினார் என்பது இப்போது சரியாக ஞாபகமில்லை, அதுதான் அவமானம், பேசினவனுக்கு மறந்துவிடுகிறது. ஹெப்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டிரெய்னிங் ஸ்கூல் குரூப் போட்டோ. நடுவில் கைத்தடியோடு, பொக்கை வாயோடு, எழுபது வயசுக் கிழவர். டேவிட் சார், ஹெட்மாஸ்டர். அப்புறம் ஒரு மாசம் அவள் பேசவில்லை. சாப்பாடு வரும், சட்டை துவைத்து வரும், பேச்சு வராது. முப்பத்திரண்டாம் நாள், "இன்னொரு தடவை என்னை இப்படி நினைச்சீங்கன்னா சொல்லிட்டுக்கூட போகமாட்டேன், கிளம்பிருவேன், திரும்பி வரவே மாட்டேன்" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து சத்தியம் செய்து கொடுத்தார். சொன்னதைச் செய்கிறவள் அவள். அதனால் கேட்டு, அது இன்னொரு டேவிட் சாராகப் போனால் அவள் போய்விடுவாள். கேட்டு, உண்மையாகவே இருந்துவிட்டால் அப்போதும் போய்விட்டவள்தான். அட ஆண்டவரே, இரண்டு பக்கமும் அதே குழி. அவள் இல்லாத அந்த வீட்டில் காலையில் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைக்கிற தன் கையை நினைத்துப் பார்த்தார், அந்தக் கை வயசான கையாக இருந்தது. கண்ணால் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை, அதுதான் முடிவு.

பைப் அணைந்திருந்தது. அணையட்டும். இல்லை, இன்னொரு குச்சி கிழித்தார், உறிஞ்சினார், உறிஞ்சினால்தானே பிடிக்கும், நாலு இழுப்பு, ஐந்து, மறுபடியும் நெருப்பு. மனசு கொதித்தால் பைப்பும் கொதிக்கும்போல. இந்தப் பரபரப்பைத்தான் அவள் எப்போதும் சொல்வாள், எதுக்கு இந்தப் பறப்பு, யார் துரத்துறா, சாப்பாட்டை மென்னு முழுங்குங்க. சாப்பிட்டுக் கை கழுவும் முன்னே அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்டுவிடுவார், உண்மைதான். பேப்பரைக் கையில் எடுத்தால் சத்தமாக வாசித்து அவளுக்கும் சொல்லியாக வேண்டும், அவள் பாதி கேட்பதற்குள் அடுத்த பக்கம். ஃபாக்டரியில் அப்படியா இருந்தார்? தேயிலைக் கொழுந்தை வாடப் போட்டிருக்கிற மாடிக்கு விடியற்காலை ஏறி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் கசக்கினால் போதும், இன்னும் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று சொல்லிவிடுவார், மிஷின்கூட அவருக்கப்புறம்தான். ஈரக் கொழுந்தை அவசரப்பட்டு அரைத்தால் தேயிலை கெடும் என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறார். ஆனால் புகையிலை விஷயத்தில்? டப்பாவைத் திறந்ததும் பொறுக்காது, அப்படியே அள்ளி ஈரத்தோடு அடைப்பார். அந்த வந்தவன் அப்படியில்லை. போன வியாழக்கிழமை, கண்ணாடி வராந்தாவில், வெயில் விழுகிற ஓரத்தில் ஒரு பேப்பர் துண்டு கிடந்தது. அதில் புகையிலைப் பொடி நாலைந்து, கூடவே லேசான பழுப்புக் கறை. காயப் போட்டிருக்கிறான் ராஸ்கல்! கால் மணி நேரம் வெயிலில் பரப்பிக் காத்திருந்து, பதம் பார்த்து, அப்புறம் அடைத்திருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் அடுத்தவன் வீட்டில் கால் மணி நேரம் புகையிலை காயக் காத்திருப்பான்! அவசரமே இல்லாதவன். போய்விட வேண்டும் என்ற பயமே இல்லாதவன். அவனைப் பற்றி நினைக்க நினைக்க சற்குணத்துக்கு ஒரு உருவமே வந்துவிட்டது. நல்ல உயரம், நிதானமான கை, மெல்லப் பேசுகிற வாய், அவள் ஒன்று சொன்னால் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்கிற காது. பொறாமையாக இருந்தது. இதைச் சொன்னால் வெட்கம், பெண்டாட்டியிடம் வருகிறவன் என்பதற்காகப் பாதிப் பொறாமை என்றால், இவ்வளவு குளிர்ச்சியாகப் பைப் குடிக்கிறானே என்பதற்காக மறுபாதி.

அந்த உருவத்துக்கு ஒரு முகமும் இருந்தது, அதுதான் இவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது. கேப்டன் போஜன். மூன்று வீடு தள்ளி இருக்கிறார், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பெண்சாதி போய் ஆறு வருஷம், ரோஜாத் தோட்டமே கதி. நடப்பதைப் பார்க்க வேண்டுமே, ஒரு அடி வைத்து அதை யோசித்து அப்புறம் அடுத்த அடி. பட்டாளத்தில் பைப் குடித்தவர், டாக்டர் சொல்லி விட்டுவிட்டதாக அவரே சொன்னார். விட்டுவிட்டதாகச் சொன்னார், அது வேறு. போன மாசம் கிளப்பில் இவர் பைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ரொம்ப இழுக்கறீங்க சார்" என்றார். அன்றைக்கு அது அக்கறையாகத் தெரிந்தது, இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பில் என்னமோ இருந்தது. ஹெப்சி அவரிடம் ரோஜாக் குச்சி கேட்டிருந்தாள். எதற்குத் திடீரென்று ரோஜா? முப்பது வருஷமாக பறித்துச் சமைக்க மேரக்காய்க் கொடி போதும் என்றிருந்தவளுக்கு இப்போதென்ன ரோஜா?

நினைத்து முடிக்கவில்லை, சரிவில் போஜன் வந்துகொண்டிருந்தார். தொப்பி, கம்பளிக் கோட்டு, கையில் ஈரச் சாக்கில் சுற்றின ஏதோ. சற்குணம் தூணோடு தூணாக ஒண்டினார். போஜன் பச்சை கேட் முன்னால் வந்தார். நின்றார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். கர்த்தாவே, நேரம் பார்க்கிறான், சொல்லிவைத்த நேரம். கேட்டின்மேல் கையை வைப்பான், இதோ கிறீச்சென்னும், இதோ. போஜன் தலையை ஆட்டிக்கொண்டு, கேட்டைத் தொடாமல், ரோட்டைத் தாண்டி நேராக நிழற்குடைக்கே வந்து, "அட, சற்குணம் சார்! கிளப்புக்குப் போகலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தலைவலி. காத்தாட இருக்கலாம்னு."

"இந்தக் குளிர்லயா?"

"குளிர் எனக்கு ஒத்துக்கும்."

போஜன் பைப்பைப் பார்த்தார். "கொதிக்குதா சார்? கையை மாத்தி மாத்திப் பிடிக்கறீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"புகையிலை ஈரமா இருக்கும். கொஞ்சம் காயவிட்டுப் பாருங்க."

காயவிட்டு! சற்குணத்துக்கு மூக்கில் வேர்த்தது. தெரிந்தேதான் சொல்கிறானா, அல்லது தன்னையறியாமல் உளறுகிறானா? போஜன் சாக்குச் சுருளை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா கேட்ட ரோஜாக் குச்சி சார். கொடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன், அப்புறம்தான் மணியைப் பார்த்தேன். அஞ்சரைக்கு முன்னால வரக்கூடாதே."

"ஏன் வரக்கூடாது?"

"உங்களுக்குத் தெரியாததா? நாலுலேர்ந்து அஞ்சரை அவங்க ஜெப நேரமாமே. அந்த நேரத்துல யார் வந்தாலும் கதவைத் திறக்கமாட்டேன், தப்பா நினைக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நல்ல பழக்கம் சார். என் சம்சாரமும் இப்படித்தான், சாமி கும்பிடும்போது பட்டாளமே வந்தாலும் எந்திரிக்கமாட்டா." கோத்தகிரி பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. "தங்கச்சி வீட்டுக்குப் போறேன், பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க. வர ரெண்டு நாளாகும். இதை நீங்களே கொடுத்துடுங்க சார், குச்சி காஞ்சுடப் போவுது." சாக்குச் சுருளை இவர் மடியில் வைத்துவிட்டு, படியில் ஒரு காலை வைத்து, யோசித்து, மறு காலையும் வைத்து பஸ்ஸுக்குள் போய்விட்டார்.

பஸ் போய்விட்டது. போஜனும் போய்விட்டார், முகமும் அவரோடு போய்விட்டது. அந்த உயரமான, நிதானமான ஆளுக்கு இப்போது முகமே இல்லை, இது முன்னைவிட மோசமாக இருந்தது. ஜெப நேரமா? எந்த ஜெபம்? காலையில் ஒரு ஜெபம், ராத்திரி ஒரு ஜெபம், இரண்டும் இவரோடு முழங்காலில் நின்றுதான். நாலு மணி ஜெபம் என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பொய் சொல்லியிருக்கிறாள். ஹெப்சி, காய்கறிக்காரி ஒரு வெண்டைக்காய் கூடப் போட்டுவிட்டால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஹெப்சி, பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஜெபத்தின்மேல். யாரையும் உள்ளே விடாமல் இருக்க ஒரு பொய் என்றால், உள்ளே யாரோ இருக்கிறான். கேட் வழியாக வருவதில்லை, பின்பக்கம், ஓடைப் பாதை வழியாக வருகிறான். எத்தனை நாளாக? தான் போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் ராத்திரிக்குக் கூட இருக்க, இவள் சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுவாளே, வீட்டைப் பார்க்க வேண்டாமா என்பாளே, அப்போதிருந்தா? பைப் அணைந்து ரொம்ப நேரமாகியிருந்தது, கோட்டுப் பையில் போட்டார். அந்த நேரத்தில்தான், மேகம் சரிவிலிருந்து ஏறிவந்து கூரையைத் தடவிக்கொண்டு போனபோது, அந்த வாசம் வந்தது. அவர் புகையிலைதான். ஆனால் அவர் புகையில் எப்போதும் இருக்கிற கருகல் அதில் இல்லை. அத்திப்பழம் மாதிரி, வெல்லப்பாகு மாதிரி, டப்பாவைத் திறக்கிறபோது ஒரு நொடி வந்து அப்புறம் காணாமல் போகுமே, அந்த வாசம் அப்படியே. இதைத்தான் முப்பது வருஷமாகத் தேடினார். இப்போது, இந்த நிமிஷம், எவனோ தன் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான்.

எழுந்தார். ரோஜாக் குச்சிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் தொடாமல் பக்கத்துச் சந்தில் இறங்கி ஓடைப் பாதையில் நடந்தார். அடிக்கவா போகிறோம்? அடிக்கிற வயசா இது? என்ன சொல்லப் போகிறோம்? "யாருய்யா நீ" என்று கேட்பதா, "எப்படிய்யா சுடாமல் குடிக்கிறாய்" என்று கேட்பதா? சேச்சே, புத்தி போகிற போக்கைப் பார். மேரக்காய்ப் பந்தல் இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கழுத்துக்குள் விழுந்தது. கண்ணாடி வராந்தாவின் பின்பக்கத்துக்கு வந்து, மங்கிப்போயிருந்த ஒரு கண்ணாடியைப் புறங்கையால் துடைத்து, கண்ணை வைத்தார்.

பிரம்பு நாற்காலியில் ஹெப்சி உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் கால் இரண்டையும் நீட்டி ஒன்றின்மேல் ஒன்று போட்டிருந்தாள். பக்கத்தில் பேப்பர் துண்டு, புகையிலை டப்பா, புகையிலையை அழுத்தத் தலை தட்டையான ஆணி ஒன்று. வேறு நாற்காலி இல்லை. வேறு யாரும் இல்லை. அவர் வராந்தாவின் மூலை வரைக்கும், கதவுக்குப் பின்னால், கோட்டு மாட்டுகிற ஆணி வரைக்கும் தேடிப் பார்த்தார். ஒருத்தனும் இல்லை. அவள் கையில் துரையின் பைப். உதட்டில் வைத்தாள், குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி கொஞ்சம், ஒரே ஒரு சிறு இழுப்பு, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புகை மெல்ல வாயிலிருந்து வந்தது. அப்புறம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. எதிர்மலையைப் பார்த்தாள். சற்குணம் தன்னையறியாமல் எண்ணினார், நாற்பது, ஐம்பது, அறுபது வரைக்கும் போயிற்று, அணைந்துவிடுமே, அணைந்துவிடுமே என்று இவருக்குத்தான் பதறிற்று. எழுபதில் இன்னொரு சிறு இழுப்பு. அணையவில்லை. அப்பாடா! சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு, கண்ணில் நீரோடு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், எவனும் இல்லை, உயரமானவனும் இல்லை நிதானமானவனும் இல்லை, எல்லாம் இவள்தான், என் ஹெப்சிதான். இன்னொரு டேவிட் சார். நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. தட்டிக்கொண்டு உள்ளே போய்க் கேலி பண்ணலாம் என்று கையைத் தூக்கினவர், அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. தூங்கும்போது பார்த்த முகம் இல்லை, சர்ச்சில் பாட்டுப் பாடும்போது பார்த்த முகம் இல்லை. புருவத்துக்கு நடுவில் எப்போதும் நிற்கிற இரண்டு கோடு, அது அவள் பிறவிக்கோடு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தார், அந்தக் கோடு இல்லை. அடுத்து யார் கூப்பிடுவார்கள் என்று காதை ஒரு பக்கம் வைத்திருக்கிற அந்தச் சாய்வு கழுத்தில் இல்லை. அழகாக இருந்தாள். அறுபதை நெருங்குகிற கிழவி, மடியில் துரையின் பைப்போடு, அப்படி ஒரு அழகு. கண்ணாடியைத் தட்டத் தூக்கின கை அப்படியே நின்றது. தட்டினால் கோடு வந்துவிடும் என்று தெரிந்தது. ஆனால் கக்கத்துச் சாக்குச் சுருள் நழுவிக் கீழே விழுந்து சத்தம் போட்டது, அவள் திரும்பிவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவள் பைப்பை ஒளிக்கவில்லை. பதறவில்லை. முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"மணி அஞ்சுகூட ஆகலையே" என்றாள்.

"ஆகல" என்றார். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது, வந்தது இதுதான்: "எப்படி ஹெப்சி? உனக்குச் சுடலையா?"

அவள் கொஞ்சம் சிரித்தாள், வெட்கத்தோடு. "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஆரம்பிச்சது. பதினோரு நாள். வீட்டுக்கு வந்தா வீடு என்னமோ மாதிரி இருந்துச்சு, உங்க புகை வாசம் இல்லாம. நீங்க திரும்பி வருவீங்களோ மாட்டீங்களோன்னு பயம். சும்மா பத்தவச்சு இங்க வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அணையக்கூடாதேன்னு அப்பப்ப ஒரு இழுப்பு."

அவருக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பிறகு? நான்தான் வந்துட்டேனே."

அவள் மடியில் இருந்த பைப்பைப் பார்த்தாள்.

"எனக்குச் சுடுதே ஹெப்சி, உனக்கு மட்டும் எப்படி? காயப்போடறே, சரி. மெல்ல இழுக்கறே, சரி. நானும் என்னென்னவோ செஞ்சு பார்த்தவன்தானே. வேற என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலை." யோசித்தாள். அவரிடம் பொய் சொல்லத் தெரியாதவள், யோசித்துவிட்டு உண்மையையே சொன்னாள். "நீங்க வர அஞ்சரை ஆகும். அதுவரைக்கும் எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

சொன்ன பிறகுதான் அதைக் கேட்ட மாதிரி அவளே திகைத்து அவரைப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவில் கோடு விழுந்தது. சற்குணத்துக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது, எவனாவது இருந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்குமா தெரியவில்லை. மூன்று வாரமாகத் தேடின அந்த நிதானமான ஆள், ஹெப்சியேயானாலும், அவர் இல்லாத நேரத்தில் மட்டும் இந்த வீட்டுக்கு வருகிற ஆள்தான். அந்த மட்டில் அவர் கணக்குத் தப்பவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனை நாலு மணி, எத்தனை அஞ்சரை.

"இந்தாங்க, நீங்க இழுத்துப் பாருங்க, ஆறித்தான் இருக்கு" என்று பைப்பை அவசரமாக நீட்டினாள். வாங்கினார். கிண்ணம் கோழிமுட்டை மாதிரி இளஞ்சூடாக இருந்தது. ஒரு இழுப்பு, அடடா, அந்த வாசம், அந்தக் குளிர்ச்சி. இன்னொன்று. அவள் தன்னையே பார்க்கிறாள், ஏதாவது சொல்ல வேண்டும், இன்னொன்று, எதைச் சொல்ல, இன்னொன்று. விரலில் சுட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் வாங்கி உதட்டில் வைத்தாள், அவரைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள், அடுத்த நொடியே இன்னொரு தடவை இழுத்தாள், "ஸ்" என்று நாக்கைத் தொட்டுக்கொண்டாள்.

சற்குணம் எழுந்து குடையை எடுத்தார். "போஜன் ரோஜாக் குச்சி கொடுத்தார், வெளியே கிடக்கு. ரெண்டு நாள் அவர் ஊர்ல இல்ல." மப்ளரைச் சுற்றிக்கொண்டார். "கிளப்புக்குப் போய்ட்டு வரேன்."

"இனிமேலா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இருங்களேன், டீ போடறேன்."

"அஞ்சரைக்கு வந்து குடிக்கிறேன்."

கேட்டை எவ்வளவு மெல்லத் திறந்தும் கிறீச்சென்றது, நாளைக்கு எண்ணெய் விட வேண்டும். கிளப் வரைக்கும் போய்த் திரும்ப நேரமில்லை. நிழற்குடைக்கே போய், தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கறுப்புப் பைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார், பற்ற வைக்கவில்லை. வருமா வராதா என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. அவள் எழுந்துவிட்டாளோ, டீ போடப் போய்விட்டாளோ, இனிமேல் அந்தப் பைப் அலமாரியிலேயே கிடக்குமோ என்று பயமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, லேசாக, கருகல் இல்லாமல் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர் ஐந்தே முக்காலுக்குப் போவதாக முடிவு செய்தார்.